வார்டோவில் குளிர்காலம்: கேமராவோடு முதல்முறை போகிறவர்களுக்கு

வட நார்வே, குளிர்காலம், கேமரா என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் நம்மில் பலருக்கும் லொஃபோட்டன் தீவுகள்தான் நினைவுக்கு வரும். செங்குத்தான மலை, அதன் அடியில் சிவப்பு மரவீடு, மேலே பச்சையாகத் துருவ ஒளி. அழகில் குறையே இல்லை. ஆனால் அங்கே பேர்போன இடங்களில் ட்ரைபாட் வைக்கவே இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே எல்லோரும் எடுத்துவிட்ட படத்தை நாமும் எடுத்து வர அவ்வளவு பணம் செலவழிக்க வேண்டுமா? கடலோர ஊர் ஒன்று குளிர்காலத்தை எப்படித் தாண்டுகிறது என்று படமாக்க ஆசை இருந்தால் இன்னும் கிழக்கே, வார்டோவுக்குப் போங்கள்.

வார்டோ நார்வேயின் கிழக்குக் கோடி நகரம். ஃபின்மார்க் பகுதியில், வராங்கர் தீபகற்பத்தின் முனையில், 70 டிகிரி வட அட்சரேகையைத் தாண்டி இருக்கிறது. ஊர் முழுக்க ஒரு தீவின் மேல். இரண்டு அகன்ற பகுதிகள், நடுவில் ஒடுங்கிய இடுப்பு, அந்த இடுப்பை ஒட்டித் துறைமுகம். 1982-ல் திறந்த கடலடிச் சுரங்கச் சாலை தீவை நிலத்தோடு இணைக்கிறது. சுமார் 3 கிலோமீட்டர் நீளம். நார்வேயின் முதல் கடலடிச் சுரங்கச் சாலை இதுதான். மக்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். ஒரு காலத்தில் இதைப் போல இருமடங்கு இருந்தார்கள். மீன் தொழில் மாறியபோது ஊரும் இளைத்தது. பலகை அடித்து மூடிய வீடு, அதை ஒட்டியே புதுச் சாயம் பூசிய வீடு, இரண்டுக்கும் நடுவில் யாரோ வழித்துவைத்த பனிக்குவியல். நீங்கள் எடுக்கப்போவது இதைத்தான். வாழ்த்து அட்டையில் வரும் பனிக் கிராமத்தைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பர் 20-களில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனால் ஜனவரி 20 வாக்கில்தான் திரும்பி வரும். இடைப்பட்ட இரண்டு மாதமும் துருவ இரவு. இரவு என்ற பெயரைப் பார்த்து இருபத்துநாலு மணி நேரமும் கும்மிருட்டு என்று நினைத்துவிட வேண்டாம். டிசம்பர் 21-ல்கூட நடுப்பகலில் சூரியன் அடிவானத்துக்கு 4 டிகிரிதான் கீழே இருக்கும். அதனால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, விளக்கில்லாமல் நடக்கும் அளவுக்கு வெளிச்சம் உண்டு. நீலமும் ஊதாவும் கலந்த வெளிச்சம். நம்மூரில் சூரியன் மறைந்தபின் இருபது நிமிடத்தில் ஓடி ஒளிகிற அந்த நீல நேரம், அங்கே ஒரு முழுக் காலைப்பொழுது நீடிக்கும்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. பிப்ரவரி நடுவில் சூரியன் காலை ஏழரை மணி வாக்கில் எழுந்து மூன்று மணிக்குள் இறங்கிவிடும். உச்சிக்கு வந்தாலும் 7 டிகிரிக்கு மேல் ஏறாது. அதாவது, மேகம் இல்லாத நாளில் காலை முதல் மாலை வரை பொன்வெயில், வீட்டுச் சுவர்களில் நீள நீளமான நிழல். முன்னும் பின்னும் நீல நேரம், அதற்கப்புறம் துருவ ஒளிக்குப் போதுமான இருட்டு. மூன்றும் ஒரே நாளில் கிடைக்கும்.

டிசம்பருக்கு வேறு ஒரு கவர்ச்சி இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமும் ஏறக்குறைய எல்லா ஜன்னலிலும் காகித நட்சத்திரமோ ஏழு விளக்குத் தண்டோ எரியும். நீல வெளிச்சத்தில் மஞ்சள் ஜன்னல்கள் வரிசையாகத் தெரியும் தெருவுக்கு ஈடு இல்லை. ஆனால் புயல் வந்து மேகம் மூடினால் அந்த நாலு மணி நேரமும் சாம்பல் நிறமாகப் போய்விடும். பொறுமைசாலிகளுக்கான மாதம் அது.

ஜனவரி 20-ஐ ஒட்டிப் போக முடிந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். ஊரில் வார்டோஹூஸ் என்ற கோட்டை இருக்கிறது. 1734 முதல் 1738 வரை கட்டிய நட்சத்திர வடிவக் கோட்டை. சூரியனின் முழு வட்டமும் அங்கிருந்து கண்ணில் படும் முதல் நாளில் பீரங்கி முழங்கும், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. வானம் ஒத்துழைத்தால்தான் நடக்கும் என்பதால் தேதியை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அந்த வாரத்தில் அங்கே இருப்பதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டைச் சுவரை விடச் சூரியனைப் பார்த்து நிற்கும் பிள்ளைகளின் முகத்தில்தான் படம் இருக்கிறது.

கைக்கடிகாரத்தை நம்பாதீர்கள்

புதிதாகப் போகிறவர்கள் தவறவிடும் முக்கியமான விஷயம் இது. வார்டோ 31 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. இஸ்தான்புல்லை விட, ஏன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை விடவும் கிழக்கே. ஆனால் கடிகாரம் ஓடுவது ஆஸ்லோ நேரத்தில். விளைவு என்ன? சூரியனின் நடுப்பகல் அங்கே பன்னிரண்டு மணிக்கு வராது. டிசம்பரில் பதினொன்றுக்கும் சில நிமிடம் முன்னாலேயே வந்து போய்விடும். நல்ல வெளிச்சம் காலை ஒன்பதுக்குத் தொடங்கி மதியம் முக்கால் மணியோடு முடியும். இரண்டரைக்கெல்லாம் நல்ல இருட்டு. "குளிர்காலம்தானே, மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு மதியம் கிளம்பலாம்" என்று உட்கார்ந்தால் அன்றைய பாதி வெளிச்சம் காபிக் கோப்பையிலேயே போயிற்று. எட்டரைக்குள் உடையெல்லாம் மாட்டி வாசலில் நிற்க வேண்டும். பிப்ரவரியிலும் நடுப்பகல் பதினொன்றே கால் வாக்கில்தான்.

போய்ச் சேரும் வழி

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஆஸ்லோவிலிருந்து வட நார்வேயின் கிர்கெனஸ் நகரத்துக்கு விமானம். அங்கிருந்து வார்டோவுக்கு மூன்று வழி. ஒன்று, விடெரோ நிறுவனத்தின் சின்ன உந்துசக்கர விமானம்; தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் ஸ்வார்ட்னெஸ் என்ற இடத்தில் இறங்கும். இரண்டு, சாலை. ஏறத்தாழ 250 கிலோமீட்டர், வராங்கர் கடலிடுக்கைச் சுற்றிக்கொண்டு வரும். ஸ்னேலாண்டியா என்பது இந்த வட்டாரத்துப் பொதுப் பேருந்தின் பெயர். எந்த நாளில் எந்த வண்டி என்பதை முன்பே பார்த்துவையுங்கள். இந்தச் சாலையின் கடைசிப் பகுதி ஈ75 நெடுஞ்சாலை. வார்டோவில் தொடங்கும் அதன் மறுமுனை கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில், சிதியா என்ற ஊரில். பனியில் நின்று அந்தப் பலகையைப் படமெடுக்காமல் யாரும் வருவதில்லை. எடுங்கள், தப்பில்லை.

மூன்றாவது, கப்பல். பெர்கனுக்கும் கிர்கெனஸுக்கும் நடுவில் 34 துறைகளில் நின்று போகும் கடலோரக் கப்பல் வார்டோவிலும் நிற்கும். வடக்கே போகும் கப்பல் விடியும் முன் மூன்று மணி வாக்கிலும், தெற்கே திரும்பும் கப்பல் மாலை நாலு மணி வாக்கிலும் வரும். 1893-ல் தொடங்கிய சேவை. நீங்கள் அதில் ஏறாவிட்டாலும் மாலைக் கப்பல் வரும் நேரத்தில் துறையில் இருங்கள். சாமான் இறக்கும் தூக்குவண்டி, யாரையோ எதிர்பார்த்து என்ஜினை அணைக்காமல் நிற்கும் கார்கள், முழுக் கப்பலும் விளக்கெரிய இருட்டிலிருந்து வெளிப்படும் காட்சி: ஒரு மணி நேரத்தில் ஒரு தொடர் படமே கிடைக்கும்.

எந்த வழியில் வந்தாலும் திட்டத்தின் முன்னும் பின்னும் இரண்டு நாள் காலியாக விடுங்கள். காற்று அதிகமானால் விமானம் இறங்காது, கப்பல் ஊரைத் தொடாமலே போய்விடும், சாலையை மூடிவிடுவார்கள், அல்லது பனி வழிக்கும் வண்டிக்குப் பின்னால் வரிசையாக விட்டுக் கூட்டிப்போவார்கள். பனிச்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் கார் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஊருக்குள் எல்லாமே நடை தூரம். வடக்கே ஹாம்னிங்பெர்க் என்று ஒரு பழைய மீனவக் கிராமம், இரண்டாம் உலகப் போருக்குத் தப்பிய மரவீடுகளோடு இருக்கிறது. இணையத்தில் அதன் படங்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். குளிர்காலத்தில் அந்தச் சாலை மூடியிருக்கும்.

உடுப்பு

வார்டோவின் எதிரி குளிர் இல்லை, காற்று. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டம் தொட்டுப் போவதால் துறைமுகம் உறைவதில்லை. நடுக்குளிர்காலத்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 5-ஐ ஒட்டித்தான் இருக்கும். மைனஸ் 15-க்குக் கீழே போவது அபூர்வம். காஷ்மீர் போய்வந்தவர்கள் "இவ்வளவுதானா" என்பார்கள். ஆனால் மைனஸ் 5-ல் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வாடை அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 15. அந்தக் காற்று அங்கே அன்றாட விருந்தாளி. தீவில் ஒதுங்க மரம்கூட இல்லை.

உடம்போடு ஒட்டிய மெரினோ கம்பளி உள்ளாடை, அதன்மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத மேலங்கி. பருத்தி மட்டும் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உங்களையே உறைய வைக்கும். கைக்கு இரண்டு அடுக்கு: பட்டன் அழுத்தத் தோதான மெல்லிய உறை, அதன்மேல் விரல்கள் எல்லாம் ஒரே பைக்குள் அடங்கும் தடித்த உறை. தடித்ததைக் கழற்றினால் காற்றில் பறக்கும். ஒரு கயிறு கட்டிக் கையோடு தொங்கவிடுங்கள், குழந்தைகளுக்குக் கட்டுவதுபோல. வெட்கப்பட ஒன்றுமில்லை.

செருப்புக் கடை, துணிக்கடை எதையும் விட முக்கியமான இரண்டு சில்லறைப் பொருட்கள் உண்டு. ஒன்று, பூட்ஸின் மேல் இழுத்து மாட்டும் இரும்புமுள் பட்டை. பகலில் உருகி இரவில் உறைந்த தெருவில் அது இல்லாமல் கேமராவோடு நடப்பது இடுப்புக்கும் லென்ஸுக்கும் ஆபத்து. மற்றொன்று, ஒளியைத் திருப்பி அடிக்கும் சின்னப் பட்டையோ தொங்கட்டானோ. அங்கே பெரியவர், சிறியவர், நாய் எல்லோரும் மாட்டியிருப்பார்கள். கறுப்பு ஜாக்கெட்டில், சாலை ஓரத்தில், வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்து நிற்கும் உங்களை வண்டிக்காரர் பார்க்க வேறு வழியில்லை.

கேமராவுக்கான முன்னேற்பாடு

பேட்டரி குளிரில் சீக்கிரம் மயங்கும். குறைந்தது மூன்று வைத்துக்கொண்டு, கேமராவில் இல்லாதவற்றை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். செத்துப்போனதாகக் காட்டும் பேட்டரி சூடு ஏறியதும் பலமுறை மீண்டும் உயிர் பெறும். விமானத்தில் அவற்றைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

வெளியிலிருந்து உள்ளே வருவதுதான் கேமராவுக்குக் கண்டம். குளிர்ந்த கண்ணாடி சூடான அறைக்குள் வந்ததும் முழுக்க நீர் பூக்கும், லென்ஸின் உட்புறம் வரை. கதவைத் திறக்கும் முன்பே, வெளியில் நின்றபடியே, கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். அறை வெப்பத்துக்கு வர இரண்டு மணி நேரமாவது விடுங்கள். படங்களை உடனே பார்க்கத் துடித்தால் மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றிக்கொள்ளுங்கள். லென்ஸில் பனித்துகள் விழுந்தால் வாயால் ஊதாதீர்கள், அந்த மூச்சு அங்கேயே உறைந்து ஒட்டும். ரப்பர் ஊதி அல்லது தூரிகை. கடற்சாரல் பட்டால் உப்பு படியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும். அறைக்கு வந்தபின் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள்.

லென்ஸ் இரண்டு போதும். 35 மில்லிமீட்டர் அளவில் எஃப் 1.8 அல்லது அதற்கும் அகலமாகத் திறக்கும் ஒன்று. 24-70 மாதிரி ஒரு ஜூம். காற்றில் லென்ஸ் மாற்றுவது பனித்துகளை சென்சாருக்கு விருந்துக்கு அழைப்பது. நீண்ட டெலி லென்ஸை விட்டுவிட்டுப் போகச் சொல்வேன், பறவை ஆசை இருந்தால் ஒழிய. குளிர்காலத்தில் துறைமுகத்திலேயே கடல்வாத்துகள் மிதக்கும். எதிரே ஹோர்னோயா தீவின் பாறைகளுக்குக் கடற்பறவைகள் திரும்பத் தொடங்குவது குளிர்காலத்தின் கடைசியில். அது தனி உலகம், தனிக் கட்டுரைக்குரியது.

ட்ரோனை வீட்டில் வையுங்கள். விமானநிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. ஊர் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. அதோடு தீவில் நார்வே ராணுவ உளவுத்துறையின் ரேடார் நிலையம் இருக்கிறது. அதன் வெள்ளைக் கோளங்கள் எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் வீட்டுக்கூரைகளுக்கு மேலே தெரியும், உங்கள் படங்களிலும் விழும். அது சகஜம். ஆனால் வேலி அருகே போவது, அதை மட்டும் குறிவைத்து எடுப்பது, தடைப் பலகையைத் தாண்டுவது கூடாது. எதிர்க்கரையில் ரஷ்யா. யாராவது நிறுத்தி விசாரித்தால் கோபப்படாமல் படங்களைக் காட்டுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

வெளிச்சத்தை அளப்பது

பனியைப் பார்த்தால் கேமரா ஏமாறும். வெண்மையைச் சாம்பலாக்கப் பார்க்கும். பகலில் எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை ஏற்றி (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு), வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். நீல நேரத்தில் இந்த விதியைத் தளர்த்திவிடுங்கள். அப்போது பனி வெள்ளையாக இருக்கத் தேவையே இல்லை. படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் அந்த நீலத்தையே துடைத்துவிடும். 4500 கெல்வின் அளவில் நிலையாக வைத்துக்கொண்டால் வானம் நீலமாகவும் ஜன்னல் மஞ்சளாகவும் கண் பார்த்தபடி நிற்கும்.

ஆட்கள் நடக்கும் தெருப் படத்துக்கு ஷட்டர் விநாடியில் 250-ல் ஒரு பங்கு, சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ தேவைப்பட்டால் 6400 வரை. கொஞ்சம் மணல்தன்மை வந்தால் வரட்டும். பனி பொழியும்போது ஃபோகஸ் முன்னால் விழும் துகளைப் பிடித்துக்கொண்டு அலையும். கையால் வைத்துக்கொள்வதே நல்லது. ஷட்டரை 30-ல் ஒரு பங்குக்கு இறக்கினால் காற்று கோடுகோடாகத் தெரியும். காற்றைப் படமெடுக்க இதை விட எளிய வழி இல்லை. ட்ரைபாடின் கால்களைப் பாதிதான் விரிக்க வேண்டும், நடுத்தண்டை ஏற்றவே கூடாது.

துருவ ஒளிக்குச் சுருக்கமாக: எஃப் 2.8 அல்லது அதற்கும் அகலம், ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, இரண்டு முதல் எட்டு விநாடி, ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ். துருவ ஒளி வழக்கமாகத் தோன்றும் வளையப் பகுதிக்குக் கீழேயே வார்டோ இருப்பதால் வானம் திறந்தால் போதும், பெரிய காந்தப் புயலுக்குக் காத்திருக்க வேண்டாம். வானிலைக்கு நார்வேக்காரர்கள் பார்ப்பது யிஆர் (Yr) என்ற இலவசச் செயலி. அதில் மேகத்தை மட்டுமல்ல, காற்றையும் பாருங்கள்.

எங்கே நிற்பது

ஒன்பது மணி நீலத்துக்குத் துறைமுகம். ஒருவர் மட்டும் ஓட்டும் சின்ன மீன்பிடிப் படகுகள் முதல் பெரிய விசைப்படகுகள் வரை வரும் போகும். காட் மீனும் ராட்சத கிங் கிராப் நண்டும் இந்தக் கடலின் சரக்கு. அலைதடுப்புச் சுவர்களின் மேல் ஏறாதீர்கள். பனிக்கட்டி மூடிய கல்லும் திடீர் அலையும் சேர்ந்தால் கேமராவைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்காது. எடுத்ததுமே படகுக்காரரைக் குறிவைக்காமல் முதல் நாள் சும்மா சுற்றுங்கள். இரண்டாயிரம் பேர் ஊரில் அந்நியர் வந்த சேதி மதியத்துக்குள் பரவிவிடும். மறுநாள் அவர்களே கேட்பார்கள், எங்கிருந்து வந்தீர்கள் என்று. ஏறக்குறைய எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள்.

எனக்குப் பிடித்த இடம், இரை கோர்க்கும் கொட்டகை. நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் முள் கட்டிய ஆயிரங்கால் தூண்டில் போட்டுப் பிடிக்கும் படகுகளுக்கு அந்தத் தூண்டிலைக் கரையில் தயார் செய்கிறார்கள். உள்ளே வெளிச்சமான குழல் விளக்கு, ஈரத் தரை, ஓயாமல் பாடும் ரேடியோ. மேசை முன் நிற்பவர் ஒரு கையால் முள்ளை எடுத்து, மறுகையால் மீன்துண்டைக் குத்தி, கயிற்றை வளையமாகத் தொட்டிக்குள் இறக்குகிறார். முள் ஒன்றோடொன்று சிக்காமல் ஓர் ஒழுங்கில் விளிம்போரம் அமர வேண்டும். கடலில் கயிறு வேகமாக ஓடும்போது சிக்கினால் அவ்வளவுதான். கண் முள்ளில் இல்லை, பேச்சு நம்மோடு. கைகள் தாமாகவே ஓடுகின்றன. முகத்தை விட்டுவிட்டுக் கையை எடுங்கள். வெட்டுத்தழும்பு, ரப்பர் உறையின் கிழிசல், விரல்நுனியில் ஒட்டிய செதில். உள்ளே போக அனுமதி கேளுங்கள், வேலை செய்பவரின் பாதையில் நிற்காதீர்கள், ஃப்ளாஷ் வேண்டாம். ஜிப் பை பாடம் இங்கேயும் பொருந்தும்: அரை மணி முன்னாலேயே கேமராவைப் பையோடு உள்ளே வைத்துவிட்டு, முதலில் பேச்சு, அப்புறம் படம்.

இங்கே நம் கதையும் கொஞ்சம் இருக்கிறது. போர் துரத்தியதால் ஈழத்தை விட்டுக் கிளம்பிய தமிழர்கள் பலருக்கு, 1980-களிலும் 90-களிலும், நார்வேயில் முதல் வேலை கிடைத்தது இந்த ஃபின்மார்க் கடற்கரையின் மீன் ஆலைகளில்தான். பிறகு பெரும்பாலோர் தெற்கே ஆஸ்லோ பக்கம் போய்விட்டார்கள். தமிழில் பேசுகிற புகைப்படக்காரர் ஒருவர் இந்த ஊர்களில் அந்தத் தடத்தைத் தேடி ஒரு தொடர் செய்தால், அது நூறு துருவ ஒளிப் படங்களுக்குச் சமம் என்பேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்துக்கு ஸ்டைல்னெஸ். 17-ஆம் நூற்றாண்டில் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி ஃபின்மார்க்கில் கொன்ற 91 பேருக்கான நினைவிடம்: 77 பெண்கள், 14 ஆண்கள். கட்டடக்கலைஞர் பீட்டர் சும்தோரும் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவும் வடிவமைத்து 2011-ல் திறந்தது. கடலோரத்தில் மரச்சட்டங்களுக்கு நடுவே பாய்த்துணியில் தொங்கும் நீண்ட ஒடுங்கிய கூடம். உள்ளே ஆளுக்கொரு சின்ன ஜன்னல், ஜன்னலுக்கொரு விளக்கு, அருகே நீதிமன்றப் பதிவுகளிலிருந்து எடுத்த அவரவர் கதை. காற்று அடித்தால் துணி முழுக்கப் படபடக்கும். பக்கத்துக் கண்ணாடி அறையில் இரும்பு நாற்காலி ஒன்று தீயோடு எரிகிறது, சுற்றிலும் நீள்வட்ட முகக்கண்ணாடிகள் அதைப் பார்த்தபடி. வெளியிலிருந்து அகலமாக ஒரு படம் எடுத்துவிட்டு உள்ளே போய் முதலில் வாசியுங்கள். அந்த ஜன்னல்கள் யாருடையவை என்று தெரிந்தபின் எடுக்கும் படம் வேறு மாதிரி இருக்கும். இறந்தவர்களின் இடம் என்பதால் அங்கே போஸ் கொடுத்து எடுக்காதீர்கள். அதுவும் ஊர்க்காரர்கள் கண்ணில் படும்.

காற்று தாங்காத நாட்களில் ஊருக்குள் சுவர்களைத் தேடுங்கள். 2012-ல் நடந்த கோமாஃபெஸ்ட் விழாவில் தெரு ஓவியர்கள் வந்து கைவிடப்பட்ட வீடுகளில் வரைந்தார்கள். சில மங்கிவிட்டன. 1944-ல் போரில் ஊரின் பெரும்பகுதி அழிந்து பிறகு எழுந்ததால் வீடுகள் எளிமையான ஒரே பாணியில் இருக்கும். நடுநடுவே இந்த ஓவியங்கள் சட்டென்று கண்ணை இழுக்கும். தனியாக எடுத்தால் அது ஓவியரின் படம். பனி வழிக்கும் ஒருவரோ பள்ளிப் பையோடு ஒரு பிள்ளையோ கடக்கும்வரை நின்றால்தான் அது உங்கள் படம்.

ஆட்கள், ஜன்னல்கள், சட்டம்

பொது இடத்தில் படமெடுப்பதை நார்வேச் சட்டம் தடுப்பதில்லை. வெளியிடுவதுதான் விஷயம்: ஒருவரை முக்கியமாகக் காட்டும் படத்தை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. கூட்டத்தில் ஒருவராகவோ காட்சியில் சின்ன உருவமாகவோ வந்தால் பிரச்சினை இல்லை. பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் கேட்டே ஆக வேண்டும். முகம் தெரியாத படமே எடுக்கலாம் என்றால் இன்னும் நல்லது.

சட்டத்தில் இல்லாத ஒன்று ஜன்னல். அங்கே பலர் திரைச்சீலையை இழுத்து மூடுவதில்லை. இருட்டில் நடந்து போனால் சமையலறை, மேசை, டிவி முன் உட்கார்ந்திருப்பவர் எல்லாம் மேடை நாடகம்போல் தெரியும். கை துறுதுறுக்கும். தெருவோடு சேர்த்து, தள்ளி நின்று, ஜன்னல் வெறும் வெளிச்சமாகத் தெரியும்படி எடுங்கள். உள்ளே இருப்பவர் அடையாளம் தெரிந்தால் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்.

புயல் நாளில் வெளியே போக முடியாது, போகவும் கூடாது. அவசர எண்கள்: தீயணைப்பு 110, போலீஸ் 112, ஆம்புலன்ஸ் 113. அன்றைக்குக் கடையிலோ காபிக்கடையிலோ உட்காருங்கள். சரக்கு வராததால் காலியாகும் பால் அலமாரி, கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே சுழன்று விழும் பனி, பனி உதறும் மிதியடி: அதுவும் குளிர்காலம்தான். ரொக்கம் அவ்வளவாகத் தேவைப்படாது, ஏறக்குறைய எல்லா இடத்திலும் கார்டு செல்லும்.

ஒவ்வொரு இரவும் படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டு, அன்று பேசியவர்களின் பெயர், படகின் பெயர், தெரு எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். பெயரின் எழுத்துகளை அவர்களையே உங்கள் நோட்டில் எழுதித்தரச் சொல்லலாம். மின்னஞ்சல் முகவரியும் அப்போதே வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் அவர்கள் படத்தை அவர்களுக்கு அனுப்புங்கள், எதை எங்கே வெளியிடப் போகிறீர்கள் என்ற விவரத்தோடு. இரை கோர்ப்பவருக்கு மின்னஞ்சலை விட அச்சிட்ட படம் நல்லது. கொட்டகை முகவரிக்குத் தபாலில் போட்டால் சேர்ந்துவிடும்.